டண்டீ சணல் ஆலைக்கு வந்த அயர்லாந்துப் பாட்டியின் ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி?

உங்கள் கேள்வியின் சாரம் இது. உங்கள் மனைவியின் குடும்பம் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரைச் சேர்ந்தது. அவருடைய கொள்ளுப்பாட்டியைப் பெற்றவர், கன்னிப்பெண்ணாக அயர்லாந்திலிருந்து வந்து லாக்கீ பகுதியின் சணல் ஆலையில் நூற்பு வேலை பார்த்தவர். 1871, 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் அவர் பிறந்த இடம் "அயர்லாந்து" என்று மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. எந்தக் கப்பலில் வந்தார், எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கேட்கிறீர்கள்.

கப்பலை முதலில் விட்டுவிடுங்கள். 1801 முதல் அயர்லாந்தும் பிரிட்டனும் சட்டப்படி ஒரே நாடாக இருந்தன. பெல்ஃபாஸ்டிலிருந்தோ டெரியிலிருந்தோ கிளாஸ்கோவுக்கு நீராவிப் படகில் வருவது உள்நாட்டுப் பயணம் என்பதால், யாரும் பயணிகளின் பெயர்ப் பட்டியலைப் பராமரிக்கவில்லை. அமெரிக்காவின் லோவல் நகரத்துப் பருத்தி ஆலைகளுக்குப் போன அயர்லாந்துக்காரர்களுக்குக் கப்பல் பட்டியலும், பின்னர் குடியுரிமை விண்ணப்பமும் கிடைக்கும். டண்டீக்கு வந்தவர்களுக்கு இரண்டுமே கிடையாது. குடியுரிமை கேட்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இருக்கவில்லை.

அயர்லாந்துப் பக்கத்திலிருந்து தேடலைத் தொடங்குவதும் வீண். 1821 முதல் 1851 வரையான அந்நாட்டுக் கணக்கெடுப்புகளில் மிகப் பெரும்பகுதி, 1922 ஜூன் இறுதியில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த அரசு ஆவணக் காப்பகம் எரிந்தபோது அழிந்தது. 1861, 1871 கணக்கெடுப்புத் தாள்களைப் புள்ளிவிவரம் எடுத்த கையோடு அரசே அழித்துவிட்டது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் கூழாக்கப்பட்டன. முழுமையாக மிஞ்சியவற்றில் பழையவை 1901, 1911 கணக்கெடுப்புகள்தான். உங்கள் பாட்டி அதற்கு வெகு முன்பே ஊரைவிட்டுக் கிளம்பியவர். அனைவருக்குமான கட்டாயப் பிறப்புப் பதிவு அயர்லாந்தில் 1864-இல்தான் தொடங்கியது. அவர் பிறப்பு அதற்கும் முந்தையது என்றே உங்கள் விவரங்களிலிருந்து தெரிகிறது.

ஆகவே ஊரின் பெயர் எங்காவது எழுதப்பட்டிருந்தால், அது பெரும்பாலும் ஸ்காட்லாந்தின் ஆவணங்களில்தான் இருக்கும். அதுவும் அவருடைய தாளில் இல்லாமல், அவரோடு வந்த அக்கா, தம்பி, சித்தி, ஒரே மாடிப்படியைப் பகிர்ந்து குடியிருந்த அதே ஊர்க்காரர் ஆகியோரின் தாளில் இருக்க வாய்ப்பு அதிகம். இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம், டண்டீக்கு ஆட்கள் வந்த விதம்.

அயர்லாந்தின் வட மாகாணமான அல்ஸ்டரின் தென்பகுதியிலும் அதை ஒட்டிய மாவட்டங்களிலும், அதாவது மோனஹன், கேவன், ஃபெர்மானா, லீட்ரிம் போன்ற இடங்களில், பெண்கள் வீட்டிலேயே ஆளிநாரை (லினன் துணிக்கான நாரை) நூற்று விற்றுக் குடும்ப வருமானத்துக்குத் துணை நின்றார்கள். 1820-களின் பிற்பகுதியிலிருந்து இயந்திர நூல் பெருகியதும் அந்த வருமானம் நசிந்தது; 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் மிச்சத்தையும் பறித்தது. அதே காலத்தில் டண்டீ லினனிலிருந்து சணலுக்கு மாறிக்கொண்டிருந்தது. வங்காளத்திலிருந்து வந்த முரட்டுச் சணலைத் திமிங்கில எண்ணெயும் தண்ணீரும் விட்டு மென்மையாக்கி இயந்திரத்தில் நூற்கும் முறை அங்கே கைவந்திருந்தது. கிரிமியப் போரில் ரஷ்ய ஆளிநார் வரத்து தடைபட்டதும், அமெரிக்க உள்நாட்டுப் போரில் கோணிக்கும் கூடாரத் துணிக்கும் கிராக்கி ஏறியதும் ஆலைகளை ஊதிப் பெருக்கின. நூற்புக்குப் பெண்களும் சிறுவர்களும் தேவைப்பட்டார்கள். 1851 கணக்கெடுப்பில் டண்டீவாசிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அயர்லாந்தில் பிறந்தவர். அவர்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். முதலில் ஒரு பெண் வந்து வேலையில் சேர்ந்து, பிறகு தங்கையையும் ஒன்றுவிட்ட சகோதரிகளையும் அழைத்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. கணவன் வீட்டில் அடுப்பைப் பார்க்க, மனைவி ஆலைக்குப் போன குடும்பங்களும் அந்நகரில் ஏராளம். அத்தகைய ஆண்களுக்குக் "கெட்டில் பாய்லர்" என்று ஒரு கேலிப் பெயரே உண்டு.

லாக்கீயில் காக்ஸ் சகோதரர்களின் கேம்பர்டவுன் ஆலை இருந்தது. உச்சகட்டத்தில் சுமார் 5,000 பேர் வேலை செய்த அந்த வளாகத்தின் 86 மீட்டர் உயரப் புகைபோக்கி இன்றும் நிற்கிறது. சுற்றிலும் குடியேறிய அயர்லாந்துக்காரர்களால் அந்தப் பகுதிக்குச் "சின்ன டிப்பரரி" என்று பெயர் வந்தது. பெயரை நம்பி நேரே தெற்கு அயர்லாந்தின் டிப்பரரியில் தேட இறங்கிவிடாதீர்கள். அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் வட மாவட்டத்துக்காரர்கள்.

இனி ஆவணங்களுக்கு வருவோம். ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் கட்டாயப் பதிவு 1855 ஜனவரி 1 அன்று தொடங்கியது. குடிவழி தேடுபவருக்கு இங்கிலாந்தின் பதிவுகளைவிட ஸ்காட்லாந்தின் பதிவுகள் பல மடங்கு தாராளமானவை. ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள் என்ற அரசு இணையதளத்தில் பிறப்பு 100 ஆண்டு, திருமணம் 75 ஆண்டு, இறப்பு 50 ஆண்டு கடந்தவையாக இருந்தால் பதிவின் படத்தையே கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். எடின்பரோவிலுள்ள அதன் மையத்தில் ஒரு நாள் கட்டணம் கட்டி உட்கார்ந்தால், படங்களைத் தனித்தனியே வாங்காமல் அன்று முழுவதும் புரட்டலாம். நான் கீழே சொல்லும் முறைக்கு நிறையச் சான்றுகளைப் பார்க்க வேண்டியிருப்பதால், டண்டீயிலிருந்து ரயிலில் போய்வரக்கூடிய உங்களுக்கு அதுவே மலிவு.

முதலில் பாட்டியின் இறப்புப் பதிவை எடுங்கள். இறந்தவரின் தந்தை பெயர், தந்தையின் தொழில், தாயின் பெயர், தாயின் பிறந்தகக் குடும்பப்பெயர் ஆகியவற்றுக்கு அதில் இடம் உண்டு. ஸ்காட்லாந்துச் சட்ட வழக்கில் பெண்ணின் பிறந்தகப் பெயர் திருமணத்தால் மறைந்துபோவதில்லை. இறப்புப் பதிவின் அட்டவணையில் அவரை இரண்டு பெயர்களிலும் தேடலாம். ஆனால் அந்த விவரங்களைச் சொன்னவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். அதே பதிவில் தகவல் தந்தவரின் கையொப்பமும் உறவும் இருக்கும். மகள் சொன்னதை ஓரளவு நம்பலாம். பாட்டியின் தாயை ஒருபோதும் பார்த்திராத மருமகனோ பக்கத்து வீட்டுக்காரரோ சொன்னதை வேறொரு சான்றோடு ஒப்பிட்ட பிறகே நம்ப வேண்டும். அந்த வேறொரு சான்று திருமணப் பதிவு. அதிலும் மணமக்கள் இருவருடைய பெற்றோரின் பெயர்களும் தாயின் பிறந்தகப் பெயரோடு உண்டு. அங்கே தகவலைச் சொன்னவர் பாட்டியே. கையெழுத்திட வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறியும், பக்கத்தில் "அவரது குறி" என்ற எழுத்தரின் வரியும் இருந்தால், தன் பெயர் எப்படி எழுதப்பட்டது என்று சரிபார்க்க அவருக்கு வழியில்லை என்று பொருள். அப்போது குடும்பப்பெயரின் எழுத்து வடிவத்தில் பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

இவ்வளவும் சேர்ந்து உங்களுக்குத் தருவது பெற்றோரின் பெயர்களை மட்டுமே. ஊரின் பெயருக்கு, பலர் கவனிக்காமல் விடும் ஒரு வழி இருக்கிறது. ஸ்காட்லாந்தின் பிறப்புப் பதிவில், 1861 முதல், குழந்தையின் பெற்றோர் எந்த நாளில் எந்த இடத்தில் மணந்தார்கள் என்பது தனியாக எழுதப்பட்டது. உங்கள் பாட்டி டண்டீயில் மணந்தவர் என்றால் அவருடைய பிள்ளைகளின் பதிவில் டண்டீ என்றே இருக்கும், பயனில்லை. ஆனால் அவரோடு பெற்றோரும் வந்திருந்து, அவர்களுக்கு 1861-க்குப் பிறகு லாக்கீயில் ஒரு கடைக்குட்டி பிறந்திருந்தால், அந்தக் குழந்தையின் பதிவில் பாட்டியின் பெற்றோர் மணந்த அயர்லாந்துப் பங்கின் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப் பகுதி, ஆங்கிலத்தில் பாரிஷ்) பெயர் இருக்கும். பெற்றோர் வரவில்லையா? ஊரிலேயே மணமுடித்துவிட்டு மனைவியோடு வந்த அண்ணன் இருந்தாரா என்று பாருங்கள். அவருக்கு டண்டீயில் பிறந்த ஒவ்வொரு குழந்தையின் பதிவிலும், மாதம், நாள், "குளோனிஸ், மோனஹன் கவுண்டி" (கவுண்டி என்றால் மாவட்டம்) என்பது போன்ற ஒரு வரி காத்திருக்கும். அந்த ஒரு வரிக்காகத்தான் அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரையும் தேடச் சொல்கிறேன். ஒரே தம்பதியின் மூன்று பிள்ளைகளுடைய பதிவுகளில் நாள் மூன்று விதமாக இருந்தாலும் கலங்க வேண்டாம். நாள் மறந்துபோகும், இடம் பொதுவாக மறக்காது.

1855-ஆம் ஆண்டுப் பதிவுகளைத் தனியே குறிப்பிட வேண்டும். பதிவுமுறையின் முதல் ஆண்டான அதில் அதிகாரிகள் பேராசையோடு விவரம் கேட்டார்கள்: பிறப்புப் பதிவில் பெற்றோரின் வயது, அவர்கள் பிறந்த இடம், மணந்த இடமும் நாளும், அதற்கு முன் பிறந்த பிள்ளைகள், இறப்புப் பதிவில் இறந்தவரின் பிறந்த இடம், அவருடைய பிள்ளைகள். பதிவாளர்களுக்கு வேலை தாங்கவில்லை. 1856-இலேயே பத்திகளைக் குறைத்துவிட்டார்கள். குடும்பத்தில் எவராவது அந்த ஓராண்டுக்குள் பிறந்தோ மணந்தோ இறந்தோ இருந்தால், தூரத்து உறவானாலும் அந்தத் தாளை வாங்கிவிடுங்கள்.

கணக்கெடுப்புகளில் இரண்டை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். 1841 முதல் 1921 வரை அவர் உயிரோடிருந்த ஒவ்வொரு கணக்கெடுப்பையும் பாருங்கள். பெரும்பாலான எழுத்தர்கள் "அயர்லாந்து" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டாலும், இடையில் ஒரு சிரத்தையுள்ள எழுத்தர் கவுண்டியின் பெயரையும் எழுதியிருப்பார். அதே வீதியில் பத்து வீடு தள்ளி வேறொருவருக்கு எழுதியிருந்தாலும் உதவிதான். 1841-இல் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் கீழிறக்கி எழுதினார்கள் என்பதையும், பத்தாண்டு கழித்து ஏழு வயதே கூடியிருப்பது அக்காலத்தில் சாதாரணம் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். பாட்டியின் வீட்டில் "வாடகைக்கு இருப்பவர்" என்று குறிக்கப்பட்ட இளம்பெண்களை அலட்சியம் செய்யாதீர்கள். அவர்களில் ஒருத்தி பெரும்பாலும் உறவுக்காரியாக இருப்பாள்.

தொழில் பத்தியும் கொஞ்சம் பேசும். டண்டீ வழக்கில் "மில்" என்றால் நூற்கும் இடம், "ஃபேக்டரி" என்றால் நெய்யும் இடம். விசைத்தறிப் பெண்கள் தங்களை நூற்புப் பெண்களுக்கு ஒரு படி மேலாகக் கருதினார்கள். தொப்பியும் கையுறையும் அணிந்து வேலைக்குப் போவது அவர்களின் அடையாளம். அயர்லாந்திலிருந்து புதிதாக வந்தவர்கள் நூற்பிலேயே மிகுதியாகச் சேர்ந்தார்கள். நிறைந்த பாபின்களைக் கழற்றிக் காலியானவற்றை மாட்டும் சிறுவர்களை "ஷிஃப்டர்" என்றும், அரைநாள் வேலையும் அரைநாள் பள்ளியுமாக இருந்த பிள்ளைகளை "ஹாஃப் டைமர்" என்றும் குறித்தார்கள். ஒரே பெயரில் இரண்டு பெண்கள் எதிர்ப்படும்போது இது ஒரு சிறு துணைச் சான்றாகும், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

ஆலையின் சொந்த ஆவணங்களைப் பற்றி நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் முதலில் ஓடுகிறார்கள். காக்ஸ் சகோதரர்கள் உட்படப் பல நிறுவனங்களின் ஏடுகள் டண்டீ பல்கலைக்கழக ஆவணப் பிரிவில் இருக்கின்றன. அவை பெரும்பாலும் இயந்திரம், கொள்முதல், கணக்கு, கடிதப் போக்குவரத்து பற்றியவை. சாதாரண நூற்புத் தொழிலாளியின் பெயரும் ஊரும் அவற்றில் கிடைப்பது அபூர்வம். அவர் எப்படி வேலை செய்தார் என்று பார்க்க விரும்பினால் வெர்டன்ட் ஒர்க்ஸ் என்ற பழைய ஆலை இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. மனைவியை அழைத்துக்கொண்டு போய்வாருங்கள். ஊர் தேடும் வேலைக்கு அது உதவாது.

உண்மையிலேயே உதவக்கூடியது, குடும்பங்கள் வெட்கப்பட்டு மறைக்கும் ஓர் ஆவணம்: ஏழைகள் உதவிப் பதிவேடு. 1845-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து ஏழைகள் சட்டத்தின்படி உதவி கொடுக்க வேண்டியது, விண்ணப்பதாரருக்கு "குடியுரித்து" உள்ள பங்கின் பொறுப்பு. தொடக்கத்தில் ஐந்தாண்டு தொடர்ந்து ஓரிடத்தில் வசித்தால் அது கிடைத்தது. இல்லாவிட்டால், அயர்லாந்தில் பிறந்தவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பவும் சட்டத்தில் இடம் இருந்தது. செலவை வேறு பங்கின் தலையில் கட்டப் பார்த்த ஆய்வாளர், வந்தவரைத் துருவித் துருவிக் கேட்டார்: எங்கே பிறந்தாய், தந்தை யார், எந்த வருடம் வந்தாய், எந்தச் சந்தில் எத்தனை மாதம் குடியிருந்தாய், கணவன் எங்கே. அவருடைய சந்தேகம் நமக்கு லாபம். கணக்கெடுப்பில் "அயர்லாந்து" என்று மட்டும் இருந்தவருக்கு இங்கே கவுண்டியும் பங்கும் கிடைப்பதுண்டு. லாக்கீ அக்காலத்தில் லிஃப் அண்ட் பென்வி என்ற பங்கில் இருந்ததால், டண்டீ பங்கின் ஏட்டில் மட்டும் தேடிவிட்டு இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். டண்டீ நகர ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். அதன் நண்பர்கள் அமைப்பு சில ஏழைகள் பதிவேடுகளுக்குப் பெயர் அட்டவணை தயாரித்திருக்கிறது. பாட்டி ஒருபோதும் கையேந்தாதவராக இருக்கலாம். விதவையான அக்காவோ கை நசுங்கி வேலை இழந்த மாமாவோ கேட்டிருந்தாலும் போதும்.

கத்தோலிக்கக் குடும்பம் என்றால் ஞானஸ்நானப் பதிவேடுகளையும் பாருங்கள். ஸ்காட்லாந்தின் கத்தோலிக்கப் பங்கு ஏடுகள் அதே அரசு இணையதளத்தில் உள்ளன. டண்டீயில் 1836-இல் கட்டிய புனித அந்திரேயா ஆலயம் மூத்தது. லாக்கீக்குத் தனியே புனித மரியாள் ஆலயம் பின்னர் எழுந்தது. இங்கே முக்கியமானவர்கள் ஞானப்பெற்றோர். அவர்கள் பெரும்பாலும் உடன்பிறந்தவர்கள் அல்லது ஒரே ஊர்க்காரர்கள் என்பதால், அவர்களுடைய பெயர்களைத் தனித் தாளில் எழுதி, அவர்களின் குடும்பங்களையும் மேலே சொன்ன வழியில் தேடலாம். 1908 முதல், ஒருவர் எங்கே மணந்தாலும் அவருடைய ஞானஸ்நானப் பங்குக்குத் தகவல் அனுப்பி, அந்தப் பழைய பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்ற விதி வந்தது. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்களுக்கும் பழக்கமான வழக்கம் இது. அந்த ஆண்டுக்குப் பின் டண்டீயில் மணந்த உறவினர் எவரேனும் அயர்லாந்தில் பிறந்தவராக இருந்தால், அவருடைய ஊர்ப் பதிவேட்டின் ஓரத்தில் டண்டீ என்ற பெயரைக் காணலாம்.

பங்கின் பெயர் கைக்கு வந்த பிறகுதான் அயர்லாந்துக்குப் போக வேண்டும். அயர்லாந்து தேசிய நூலகம் 2015-இல் ஏறத்தாழ 1880 வரையான கத்தோலிக்கப் பங்கு ஏடுகளை இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. பட்டியல் இல்லாத வெறும் படங்கள் அவை. பெயர் அட்டவணைக்கு வேறு தளங்களை நாட வேண்டும். பல ஏடுகள் இலத்தீனில் உள்ளன, மை மங்கியிருக்கும். பெயர்களில் நெகிழ்வு தேவை: பிரிஜெட் என்பவர் பிடி, பெடிலியா, டீலியா என்றெல்லாம் வருவார், பெர்னார்டும் பிரயனும் பார்னியும் ஒரே ஆளாக இருக்கலாம், ஓவன் என்பவர் யூஜின் ஆகியிருப்பார். குடும்பப்பெயரின் முன்னுள்ள "மக்", "ஓ" ஆகியவை விருப்பம்போல் வந்து போகும். கேவனில் ஸ்மித் என்ற குடும்பம் பெரும்பாலும் மக்கவன் என்ற பழைய அயர்லாந்துக் குடும்பமே. டண்டீக்கு வந்து எந்த வடிவத்தை வைத்துக்கொண்டார்கள் என்பது அவரவர் இஷ்டம்.

இத்தோடு 1847-க்கும் 1864-க்கும் இடையில் எடுக்கப்பட்ட கிரிஃபித் நிலமதிப்பீட்டை ஒப்பிடுங்கள். டவுன்லேண்ட் எனப்படும் சிறு நிலப்பிரிவு வாரியாக வீடும் நிலமும் வைத்திருந்தவர்களின் பெயர்கள் அதில் உள்ளன. வரைபடத்தோடு இலவசமாகவே பார்க்கலாம். ஆனால் மோனஹனில் மக்மேன், டஃபி, மக்கென்னா என்ற பெயர்களும், கேவனில் ரைலி, பிரேடி என்ற பெயர்களும் புல்லைப் போல மண்டிக் கிடப்பவை. தந்தையின் பெயர் பொருந்துகிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து ஒரு டவுன்லேண்டைப் பூர்வீகம் என்று அறிவித்துவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. இணையத்திலுள்ள குடும்ப மரங்களில் பாதி இப்படி நட்டவையோ என்று கூடத் தோன்றும். தந்தை பெயர், தாயின் பிறந்தகப் பெயர், உடன்பிறந்த இருவரின் பெயர் ஆகிய நான்கும் ஒரே பங்கில் பொருந்தும்வரை முடிவை ஒத்திவையுங்கள்.

ஊரிலேயே தங்கிவிட்ட தங்கை தம்பிகள் வழியாகவும் ஒரு கதவு திறக்கும். 1908-ஆம் ஆண்டுச் சட்டப்படி 70 வயதானவர்களுக்கு முதியோர் ஓய்வூதியம் வந்தபோது, பிறப்புச் சான்று இல்லாத அயர்லாந்து முதியவர்களின் வயதை நிரூபிக்க, அப்போது எரியாமல் இருந்த 1841, 1851 கணக்கெடுப்புகளில் தேடினார்கள். அந்தத் தேடல் படிவங்கள் டப்ளினிலும் பெல்ஃபாஸ்டிலும் மிஞ்சியுள்ளன. பெற்றோர் பெயர், தாயின் பிறந்தகப் பெயர், பங்கு, டவுன்லேண்ட் என்று எல்லாம் அவற்றில் இருக்கும். சிலவற்றில் அன்றைய வீட்டாரின் முழுப் பட்டியலே நகலெடுக்கப்பட்டிருக்கிறது. உங்கள் பாட்டி ஐந்து வயதுச் சிறுமியாக அந்தப் பட்டியலில் இருக்கவும் கூடும். கேவனைச் சேர்ந்தவர் என்று தெரியவந்தால் இன்னோர் அதிர்ஷ்டமும் உண்டு: அங்கே சில பங்குகளுக்கு 1821 கணக்கெடுப்பும், கில்லஷாண்ட்ரா பங்குக்கு 1841 கணக்கெடுப்பும் தீயிலிருந்து தப்பின. ஃபெர்மானா என்றால், அது இன்று வட அயர்லாந்து என்பதால், பெல்ஃபாஸ்ட் அரசு ஆவணக் காப்பகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

டிஎன்ஏ பரிசோதனையைப் பற்றிச் சுருக்கமாக: உங்கள் மனைவியைவிட அவருடைய குடும்பத்தில் உயிரோடிருக்கும் மூத்த தலைமுறையினர் யாராவது எச்சில் மாதிரி கொடுப்பது நல்லது, ஒரு தலைமுறை அருகில் இருப்பார்கள். பொருத்தமாக வருபவர்களில் பலர் அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருப்பார்கள். அவர்களுடைய முன்னோர் அங்கே விட்டுச்சென்ற தாள்களில் ஊர்ப் பெயர் இருக்கலாம். ஆனால் இதை ஆவணத் தேடலுக்குப் பிறகு செய்யுங்கள். பாட்டியின் பெற்றோர் பெயரும் உடன்பிறந்தவர்களின் பெயரும் கையில் இல்லாமல் நூற்றுக்கணக்கான தூரத்து உறவினர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு யார் எந்த வழி என்று பிரிக்க முடியாது.